இம்பீரியல் காலிக் ஹெல்மெட்: பழைய லைனிங்கை பிரிச்சு ஃபெல்ட் போட்ட அனுபவம்

நாங்க இங்க இங்கிலாந்துல ரோமன் ரீஎனாக்ட்மெண்ட் பண்ற குழு, அதாவது அந்தக் காலத்து சோல்ஜர் மாதிரி உடுத்தி நடிச்சுக் காட்டுறவங்க, எங்களோடது முதல் நூற்றாண்டு லீஜன் (ரோமன் படைப்பிரிவு) வேஷம். அதுல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் ஆன்லைன்ல ஒரு இம்பீரியல் காலிக் ஜி ரெப்ளிக்கா, அதாவது ஒரு வகை ரோமன் சோல்ஜர் ஹெல்மெட்டோட நகல், வாங்கிட்டு வந்தான். நம்மூர் ஆள்தான், படிக்க வந்து இங்கயே வேலைல உக்காந்துட்டான். ஹெல்மெட்டும் நம்ம நாட்டுலருந்து வந்ததுதான், உலகத்துல விக்கிற ரோமன் ரெப்ளிக்காவுல நிறைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் பக்கம்தான் அடிக்கிறாங்க. வெளிய பாத்தா பெருசா குறை சொல்ல முடியாது, முன்னாடி அந்த புருவ டிசைன் நல்லா எழும்பியிருக்கு, பிடரித் தகடு சரியான சரிவுல இருக்கு, பித்தளை பட்டை நீட்டா இருக்கு. திருப்பி உள்ள பாத்தாதான் பிரச்சினை.

உள்ள சுத்தி தோல் நாக்கு நாக்கா வெட்டி, மேல ஒரு கயிறு கோத்து இழுத்துக் கட்டுற மாதிரி ஒரு லைனர், அதை ஓரத்துல ரிவெட் அடிச்சு மாட்டியிருக்கு. இது ரோமன் ஐடியாவே இல்ல, 1931-ல ஜெர்மன் ஆர்மி ஸ்டீல் ஹெல்மெட்டுக்குப் போட்ட லைனர் கிட்டத்தட்ட இதே ஸ்டைல்தான். வசதியான சிஸ்டம்தான், எந்த சைஸ் தலைக்கும் கயிற்றை இழுத்தா சேரும், அதனாலதான் நிறைய ரெப்ளிக்காவுல இதையே போடுறாங்க. ஆனா ரிவெட் தலையெல்லாம் வெளிய வரிசையா புள்ளி புள்ளியா தெரியும், விஷயம் தெரிஞ்சவன் பத்தடி தூரத்துலயே கண்டுபிடிச்சுருவான். அது கூட பரவால்ல, ரெண்டு கிலோ இரும்பு மொத்தமும் அந்த மெல்லிசு தோல்ல தொங்குது, ஓடும்போது ஹெல்மெட் ஒரு பக்கம் போகுது தலை ஒரு பக்கம் போகுது, கொஞ்ச நேரம் போட்டாலே நெத்தில சிவப்பா ஒரு கோடு.

"அண்ணா, இதுக்குள்ள ஒரு பீனி போட்டுக்கிட்டா போதாதா?"ன்னு கேட்டான், பீனின்னா குளிருக்குப் போடுற பின்னல் குல்லா. ஒரு டெஸ்டூடோ நின்னு பாரு, அப்புறம் சொல்லுடான்னு விட்டுட்டேன். டெஸ்டூடோன்னா கேடயத்தை தலைக்கு மேல கூரை மாதிரி பிடிச்சு நிக்கிறது, பின்னாடி வரிசைக்காரன் கேடயம் நம்ம உச்சந்தலைல தட்டிக்கிட்டே இருக்கும், பார்வையாளர் பசங்க வேற மேல ஸ்பாஞ்ச் பந்து எறிவாங்க. நின்னுட்டு வந்தவன் பேசாம ஹெல்மெட்டை என் கைல குடுத்தான்.

வேலைக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு சொல்லணும், ஏன்னா என்ன செய்யணுங்கிறது அதுலருந்துதான் வருது. இந்த ஹெல்மெட்டுக்கெல்லாம் ஏ பி சின்னு பேர் வச்சது ரஸ்ஸல் ராபின்சன், 1975-ல வந்த அவர் புத்தகத்துலருந்துதான் ரீஎனாக்டர் எல்லாரும் காலிக் ஜி, இட்டாலிக் டின்னு பேசுறாங்க. ஜெர்மனிக்காரங்க இதே வகையை வைஸனாவ் டைப்னு சொல்வாங்க, மைன்ஸ் ஊர்ல வைஸனாவ் பகுதில கிடைச்ச ஒரு ஹெல்மெட்டை வச்சு. இந்த வகை ஒரிஜினல்ல ஓரம் சுத்தி லைனிங் தைக்கிறதுக்குன்னு துளை வரிசை கிடையாது. நாலாம் நூற்றாண்டு ஹெல்மெட் பாத்தீங்கன்னா, நடுவுல முதுகெலும்பு மாதிரி பட்டை வச்சு ரெண்டு பாதியை சேர்த்திருப்பாங்களே, அதுல ஓரம் முழுக்க குட்டி குட்டி துளை இருக்கும், லைனிங்கை அதுல தைச்சிருக்காங்க. நம்ம வகைல துளை இல்லைன்னா ரெண்டே வழிதான், ஒண்ணு உள்ள ஒட்டியிருக்கணும், இல்ல தலைல தனியா ஒரு தொப்பி போட்டு அதுக்கு மேல மாட்டியிருக்கணும்.

தொப்பிக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி அம்மியானஸ் மார்செல்லினஸ், நாலாம் நூற்றாண்டு ரோமன் வரலாற்று ஆசிரியர். 359-ல பாரசீக ராஜா ரெண்டாம் ஷாபூர் அமிதா கோட்டையைப் பிடிச்சான், இன்னைக்கு துருக்கில இருக்குற தியார்பகிர்தான் அது. அம்மியானஸ் உள்ள மாட்டிக்கிட்ட சோல்ஜர், ராத்திரியோட ராத்திரியா தப்பிச்சு ஓடுறார், தண்ணி தாகத்துல உயிர் போகுது, ஒரு ஆழமான கிணறு கிடைக்குது ஆனா இறங்கவும் முடியல கயிறும் இல்ல. போட்டிருந்த லினன் துணியைக் கிழிச்சு நீளமா முடிஞ்சு, கூட வந்தவன் ஹெல்மெட்டுக்கு அடில போட்டிருந்த தொப்பியை நுனில கட்டி உள்ள விட்டு, அது ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சின தண்ணியைப் பிழிஞ்சு குடிச்சிருக்காங்க. இந்த ஒரு சம்பவத்துல ஒரு செய்முறைக் குறிப்பே இருக்கு பாருங்க. தொப்பி ஹெல்மெட்டோட ஒட்டி இல்ல, தனியா கழட்ட வந்துருக்கு, அவ்ளோ தண்ணி பிடிக்கிற அளவுக்கு தடியாவும் இருந்திருக்கு. ரோமன் படையைப் பத்தி புத்தகம் எழுதின வெஜிஷியஸ் வேற, பழைய சோல்ஜருங்க எப்பவும் பன்னோனியத் (பன்னோனியாங்கிறது ஒரு ரோமன் மாகாணம்) தோல் தொப்பி போட்டுக்கிட்டே திரிவாங்க, தலைல ஏதாவது இருந்து பழகிட்டா சண்டைல ஹெல்மெட் கனமா தெரியாதுன்னு எழுதியிருக்கார்.

இதெல்லாம் பிந்தின காலம், நம்ம வேஷம் முதல் நூற்றாண்டு, அது சரிதான். ஆனா ஃபெல்ட்டும் (கம்பளி இழையை அமுக்கிச் செஞ்ச தடித் துணி) ஒட்டுத்துணியும் அதுக்கும் முன்னாடியே சோல்ஜர் கைல இருந்த பொருள்தான். கி.மு. 48-ல, இன்னைக்கு அல்பேனியால இருக்குற டிர்ராக்கியம்கிட்ட, எதிரித் தளபதி பாம்பியஸ் படையோட அம்புல இருந்து தப்பிக்க, சீசரோட ஆளுங்க ஃபெல்ட்லயும் ஒட்டுத்துணிலயும் தோல்லயும் மேல போட்டுக்க தடுப்பு தைச்சுக்கிட்டாங்கன்னு சீசரே எழுதி வச்சிருக்கார். அதனால என் முடிவு, ஹெல்மெட்டுக்கு உள்ள மெல்லிசா ஒரு ஒட்டின லைனிங், தலைக்கு தனியா ஒரு தடி தொப்பி. லைனிங் இரும்பைப் பாத்துக்கும், தொப்பி தலையைப் பாத்துக்கும். நிறைய பேர் ரெண்டு வேலையையும் ஒரே ஒட்டின ஃபெல்ட்ல முடிக்கப் பாக்குறாங்க, ஒரு சீசன்ல அது வியர்வைல ஊறி நாறி, பின்னாடி இரும்பு துருப்பிடிச்சு, மொத்தமா சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

முதல்ல பழைய லைனரைக் கழட்டணும். ரிவெட்டோட உள்பக்கத் தலைல சென்டர் பஞ்ச் வச்சு ஒரு தட்டு, மூன்றரை மில்லி பிட்ல தலையை மட்டும் ட்ரில் பண்ணி எடுத்துட்டு மிச்சத்தை வெளிய தட்டி விட்டேன். தோலைப் பிடிச்சு இழுத்து பிடுங்குற ஆளுங்க உண்டு, தகடு 1.2 மில்லிதான், ஒன்னேகால் மில்லி கூட இல்ல, இழுத்த இடத்துல துளை கிழிஞ்சு வாய் பொளந்துரும். துளைகளை இளம் இரும்பு ரிவெட் வச்சே திரும்ப அடைச்சேன், ரெண்டு பக்கமும் தட்டி பரப்பி, வெளிப்பக்கம் அரம் போட்டு சமமாக்கி, உப்புத்தாள் 240, 400 வரிசையா தேய்ச்சா கண்ணுக்கே தெரியல. உள்ள ஃபேக்டரி கிரீஸ் பாதுகாப்புக்குன்னு தாராளமா தடவி வச்சிருப்பாங்க, அசிட்டோன் துணில ஊத்தி அது கருப்பா வர்றது நிக்கிற வரைக்கும் துடைக்கணும், ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க.

அடுத்தது அளவு, இதுலதான் நேரம் செலவழிக்கணும். தம்பி தலை சுத்தளவு 57 சென்டிமீட்டர். ஹெல்மெட் உள் சுத்தளவு அறுபத்தி நாலரை. வித்தியாசம் ஏழரை, அதை ஆறே கால் சொச்சத்தால வகுத்தா சுத்தியும் சராசரி 12 மில்லி இடைவெளி. இதோட நிறுத்திட்டு 12 மில்லிக்கு எல்லாப் பக்கமும் ஃபெல்ட் அடுக்குனா ஹெல்மெட் உள்ளயே போகாது. ஏன்னா தலை முட்டை வடிவம், ரெப்ளிக்கா கிண்ணம் அவ்ளோ முட்டை இல்ல. அவன் தலை முன்பின் பத்தொன்பதரை சொச்சம், அகலம் பதினாறரை சொச்சம். கிண்ணம் முன்பின் இருபத்தொன்றரை, அகலம் பத்தொன்பதரை சொச்சம். அப்போ நெத்தியும் பிடரியும் ஒன்பதரை மில்லி, காதுக்கு மேல பக்கவாட்டுல 15 மில்லி. ஹெல்மெட் இடதும் வலதுமா ஆடுறதுக்கு முழுக் காரணமே இந்த அஞ்சரை மில்லிதான். காலிப்பர் இல்லைன்னா ரெண்டு புத்தகத்தை தலைக்கு ரெண்டு பக்கமும் செங்குத்தா பிடிச்சு நடுவுல ஸ்கேல் வச்சு அளக்கலாம், நான் அப்படித்தான் அளந்தேன்.

உச்சிக்கு எவ்ளோ தடிமன்கிறதை கணக்குல எடுக்க முடியாது, போட்டுத்தான் பாக்கணும். டீ டவலை மடிச்சு உள்ள வச்சு, அவனை மாட்டச் சொல்லி, ஒவ்வொரு மடிப்பா குறைச்சுக்கிட்டே வந்தேன். முன் விளிம்பு புருவத்துக்கு கொஞ்சம் மேல நிக்கணும், காது வெட்டுக்குள்ள காது சரியா உக்காரணும், ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குற உயரம் ஒண்ணே ஒண்ணுதான். உச்சில அதிகமா வச்சா ஹெல்மெட் தூக்கிக்கிட்டு கன்னத் தகடு கன்ன எலும்புல இடிக்கும், குறைவா வச்சா பிடரித் தகடு கீழ இறங்கி, தலையை நிமிர்த்தும்போது தோள் கவசத்துல போய் டங்குனு முட்டும். லோரிகா செக்மென்டாட்டா (இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செஞ்ச ரோமன் உடல் கவசம்) போடுறவங்க கண்டிப்பா கவசத்தோட சேத்து மாட்டி பாருங்க, டி ஷர்ட்ல சரியா இருந்தது கவசத்துல சரியா இருக்காது.

பேட்டர்ன் எடுக்க கிண்ணத்துக்குள்ள கிளிங் ஃபிலிம் (சாப்பாட்டை மூடி வைக்கிற மெல்லிசு பிளாஸ்டிக் தாள்) விரிச்சு, மேல மாஸ்கிங் டேப்பை குறுக்கும் நெடுக்குமா ஒட்டி, அதை அப்படியே ஓடு மாதிரி வெளிய எடுத்து நாலு இதழா வெட்டினேன். ஆறு இதழ் போட்டா இன்னும் அழகா உக்காரும், ஆனா தையல் அதிகம், நல்ல கம்பளி ஃபெல்ட் ஆவில கொஞ்சம் இழுபடும்கிறதால நாலே போதும். ஃபெல்ட் வாங்கும்போது நூறு சதவீதம் கம்பளியான்னு கேட்டு வாங்குங்க. கிராஃப்ட் கடைல கலர் கலரா கிடைக்கிறது அக்ரிலிக், ஆவி காட்டினா வடிவம் பிடிக்காது, வியர்வையும் உறிஞ்சாது. மூணு மில்லி இயற்கை சாம்பல் நிறம் லைனிங்குக்கும் தொப்பிக்கும், அஞ்சு மில்லி துண்டு பக்கவாட்டுப் பேடுக்கும்.

இப்போ பசை. நவீன கான்டாக்ட் சிமெண்ட் போட்டா பத்து நிமிஷ வேலை, யாரும் குத்தம் சொல்லப் போறதில்ல. நான் வஜ்ரம் எடுத்தேன். நம்மூர் தச்சருங்க அந்தக் காலத்துல காய்ச்சுவாங்களே, மாட்டுத் தோல் எலும்புலருந்து எடுக்குற அதே வஜ்ரம்தான், ரோமன் காலத்துலயும் இருந்த பசை. சென்டிமெண்டுக்காக மட்டும் எடுக்கல, சுடுதண்ணித் துணி வச்சா திரும்ப இளகிரும், லைனிங் பழசானா இரும்பைச் சுரண்டாம உரிச்சு எடுத்துடலாம். ஒரு பங்கு குருணைக்கு ரெண்டு பங்கு தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலைல தண்ணிப் பாத்திரத்துக்குள்ள டப்பாவை வச்சு 60 டிகிரி வரைக்கும் சூடு பண்ணணும். கொதிக்க விட்டா பலம் போயிரும், ஒரு சமையல் தெர்மாமீட்டர் பக்கத்துல வச்சுக்கோங்க.

வஜ்ரத்துக்கு வழவழ இரும்பு பிடிக்காது, அதுக்கு ஒரு பழைய ட்ரிக். மரச் சாமான்ல பித்தளைத் தகடு பதிக்கிற ஆளுங்க தகட்டுல பூண்டைத் தேய்ச்சுட்டுத்தான் வஜ்ரம் தடவுவாங்க. நானும் 80 நம்பர் உப்புத்தாள்ல உள்பக்கம் முழுக்க கீறல் போட்டு, பூண்டுப் பல்லை ரெண்டா வெட்டி, வெட்டுன பக்கத்தை இரும்புல அழுத்தித் தேய்ச்சேன். இரும்பு சுடச்சுட இருந்தா நல்லாருக்கும்னு ஹேர் டிரையர் வேற காட்டினேனா, வீடே ரசம் கொதிக்கிற மாதிரி மணந்துச்சு. அது மேல நேரா ஃபெல்ட் ஒட்டல, முதல்ல பழைய லினன் சட்டையைக் கிழிச்ச துணியை வஜ்ரத்துல முக்கி, பட்டை பட்டையா ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி ஒட்டி முழுசா காய விட்டேன். மெல்லிசு துணி இரும்போட ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் இறங்கிப் பிடிக்கும், முக்கியமா அந்த புருவ டிசைனோட உள்பக்கக் குழில. தடி ஃபெல்ட் அந்தக் குழியை பாலம் மாதிரி தாண்டிப் போயிரும், கீழ காத்து நிக்கும், அங்கதான் துரு ஆரம்பிக்கும்.

ஃபெல்ட் இதழ்களை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாம ஓரத்தோட ஓரம் முட்ட வச்சு, தேன்மெழுகு தடவுன லினன் நூல்ல சுத்திச் சுத்திப் போட்டு தைச்சேன். ஏத்தித் தைச்சா அந்த இடம் ஆறு மில்லி ஆயிரும், தலைல வரப்பு மாதிரி அழுத்தும். தைச்சு முடிச்ச கிண்ணத்தை கெட்டில் ஆவில காட்டி, ஹெல்மெட்டுக்குள்ள அழுத்தி வடிவம் பிடிக்க விட்டு, காஞ்சதும் எடுத்து பசை தடவி ஒட்டினேன். உள்ள ஒரு பலூனை ஊதி அமுக்கி வச்சா எல்லாப் பக்கமும் சமமா அழுத்தம் கிடைக்குது. விளிம்புல அஞ்சு மில்லி விட்டுத்தான் ஃபெல்ட் நிக்கணும், வெளியலருந்து பாக்குறவங்களுக்கு சாம்பல் கலர் எட்டிப் பாக்கக் கூடாது. பக்கவாட்டுல அஞ்சு மில்லி துண்டை பிறை நிலா வடிவத்துல, ஓரம் எல்லாம் கத்தியால சரிவா சீவி, அதுக்கு மேல ஒட்டினேன். சீவாம ஒட்டினா படிக்கட்டு மாதிரி ஒரு முனை நின்னு பொட்டுல குத்தும்.

தொப்பி வேலை ஜாலியான வேலை. மூணு மில்லி ஃபெல்ட் ரெண்டு அடுக்கு, ஒரு அடுக்கோட தையலும் இன்னொரு அடுக்கோட தையலும் ஒரே இடத்துல வராத மாதிரி திருப்பி வச்சு, உள்ள வெளிய லினன் உறை போட்டு, உச்சிலருந்து கீழ கோடு கோடா ஓட்டுத் தையல். நெத்தி பின்பக்கம் ஒட்டின மூணும் தொப்பி ஆறும் ஒன்பது, இருந்த இடம் ஒன்பதரை. பக்கத்துல மூணு, அஞ்சு, ஆறு பதினாலு, இருந்த இடம் 15. உச்சிக்கு மட்டும் தொப்பிக்குள்ள உள்ளங்கை அகலத்துக்கு வட்டமா ஒரு எக்ஸ்ட்ரா அடுக்கு, டீ டவல் சொன்ன கணக்குப்படி. புதுசுல கொஞ்சம் இறுக்கமா இருக்குறதுதான் நல்லது, ஃபெல்ட் போகப் போக அமுங்கும்.

ஃபெல்ட்டுக்கு அடில கேம்பிங் மேட் ஃபோம் ஒளிச்சு வைக்கிற ஆளுங்க எங்க குழுவுலயே இருக்காங்க, அடி தாங்கும்கிறது உண்மைதான், நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா ஜூலை வெயில்ல ஃபோம் வியர்வையை உறிஞ்சாம கண்ணுக்குள்ள இறக்கி விடும். எங்க ஷோல வாளுக்கு முனை மழுக்கிதான் இருக்கும், தலையைக் குறி வச்சு அடிக்கிறதும் கிடையாது, அந்த அளவுக்கு ஃபெல்ட் தாராளம். நிஜமா தலைல போட்டு அடிச்சுக்கிற ஸ்டீல் ஃபைட்டிங் போறவங்க இந்தப் பதிவை நம்பி போகாதீங்க, அது வேற கணக்கு.

தாடைல கட்டுற வாரையும் மாத்தினேன். பிடரித் தகட்டுக்கு அடில இருக்குற ரெண்டு வளையத்துலருந்து தோல் வார் வந்து, தாடைக்குக் கீழ குறுக்கா போய், கன்னத் தகட்டு வளையத்துல முடிச்சு. சும்மா கன்னத் தகடு ரெண்டையும் சேத்துக் கட்டினா ஹெல்மெட் முன்னாடி கவிழும், பின்னாடியிருந்து இழுப்பு வந்தாத்தான் நிக்கும்.

செஸ்டர் ஆம்ஃபிதியேட்டர்ல அடுத்து வந்த ஷோல அவன் போட்டுட்டு நின்னான். டெஸ்டூடோ உடைஞ்சதும் ஓடி வந்து, "அண்ணா, தலையை ஆட்டினா இப்ப ஹெல்மெட்டும் கூடவே வருதுண்ணா"ன்னான். மதியம் கழட்டினப்போ தொப்பி பிழிஞ்சா சொட்டுற அளவுக்கு ஈரம், அம்மியானஸ் ஆளு தொப்பி எவ்ளோ தண்ணி பிடிச்சிருக்கும்னு கண்ணால பாத்தாச்சு. ஒட்டின லைனிங்கை விரலால அழுத்திப் பாத்தேன், லேசான குளிர்ச்சி இருந்துச்சே தவிர வஜ்ரம் இளகல. வஜ்ரத்துக்கு சூடு மட்டும் வந்தா தாங்கும், ஈரமும் சூடும் சேந்து வந்தாதான் கை விடும், அந்த ஈரத்தை தொப்பி வழிலயே வாங்கிக்கிச்சு. நாள் முழுக்கப் போடப் போறீங்கன்னா ரெண்டு தொப்பி தைச்சு வச்சு மதியம் மாத்திக்கோங்க.

பராமரிப்பு பெருசா இல்ல. தொப்பியை ஆறின தண்ணில கம்பளி சோப்பு போட்டு அலசி, முறுக்காம அமுக்கிப் பிழிஞ்சு, தலை சைஸ் பாத்திரத்தைக் கவுத்து அது மேல காய வைங்க, சுடுதண்ணி பட்டா சுருங்கி குழந்தை தொப்பி ஆயிரும். ஹெல்மெட்டை காயாம பைக்குள்ள போட்டு வைக்காதீங்க. விளிம்புல ஃபெல்ட் இல்லாத அந்த அஞ்சு மில்லி பட்டைல ரெனசான்ஸ் வாக்ஸ் (உலோகத்தைப் பாதுகாக்கத் தடவுற மெழுகு) தடவிடுங்க, விரல் படுற இடம் அதான். குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கும்போது அந்துப்பூச்சிக்கு தேவதாரு மரத்துண்டு ஒண்ணு உள்ள போட்டு வச்சா நல்லது.

கன்னத் தகட்டு உள்பக்கம் இன்னும் பாக்கி. அங்க ஃபெல்ட் வேண்டாம், மெல்லிசு ஆட்டுத் தோல் போதும், கீல் பக்கம் ரெண்டு விரல் விட்டு ஒட்டணும், இல்லைன்னா கீல் மடங்காது. கடுக்காய் மாதிரி தாவரச் சாயத்துல பதப்படுத்தின தோல் இரும்புல நேரா பட்டா கருப்பா கறை பிடிக்கும், பித்தளைல பட்டா பச்சையா மெழுகு மாதிரி கசியும், அதனால அங்கயும் நடுவுல லினன் ஒரு அடுக்கு வரும். தோல் வாங்குற செலவு தம்பியோடது, சம்பளம் வந்ததும் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கான்.